கிராணி சிவானந்தம் சொன்ன தீர்ப்புகள்

அமெரிக்காவில் யாராவது பெரிய மனிதர் செத்துப்போனால், மறுநாள் காலையே மலேசியாவின் ஈஜோக் சாலையோரத் தேநீர்க் கடையில் அவருக்குத் தீர்ப்பு சொல்லியாகிவிடும். சொல்கிறவர் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி சிவானந்தம். தோட்டம் கைமாறி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எழுதுவதற்குப் பேரேடும் இல்லை, உட்காருவதற்கு மேசையும் இல்லை. ஆனாலும் ஊருக்கு அவர் கிராணிதான்.

பழைய மந்திரி கிஸிஞ்சர் செத்தபோது, "சமாதானத்துக்குப் பரிசும் வாங்கினாரு, கம்போடியாவுல குண்டு போடவும் வழி பண்ணாரு. ரெண்டும் ஒரே ஆளு" என்றார். முன்னாள் ஜனாதிபதி கார்ட்டர் செத்தபோது, "நாற்காலியில இருந்தப்ப தோத்தாரு, எறங்கின பிறகு ஜெயிச்சாரு" என்றார். பந்தாட்டக்காரர் சிம்ப்சன் செத்த அன்று கடையில் கூட்டம் அதிகம். "பந்தத் தூக்கிட்டு ஓடினதுல அவன மிஞ்ச ஆளில்ல. பொண்டாட்டி செத்த கேசுல ஒரு கோர்ட்டு விட்டுச்சு, இன்னொரு கோர்ட்டு விடல" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் திலீப்புக்குப் பொறுமை கிடையாது.

"அண்ணே, மொத்தத்துல நல்லவனா கெட்டவனா? ஒரே வார்த்தையில சொல்லுங்க லா. லோரி வெயில்ல நிக்குது."

"ஒரே வார்த்தையில சொல்ற விஷயமாடா இது?"

"அப்புறம் எதுக்குத் தீர்ப்புன்னு பேரு? ஜட்ஜு இப்படிப் பேசினா திருடன் வீட்டுக்குப் போயி சோறு தின்னுட்டு வந்துருவான்."

கடை முழுக்கச் சிரித்தது. சிவானந்தமும் சிரித்தார். ஒரு தட்டில் நல்லதையும் மறு தட்டில் கெட்டதையும் வைத்துவிட்டு, எந்தத் தட்டு தாழ்கிறது என்று சொல்லாமலேயே எழுந்துபோவது அவர் வழக்கம். அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

இந்த அமெரிக்கப் பைத்தியம் வந்தது பதினெட்டு வயதில். எழுபத்தைந்தில் முகமது அலி கோலாலம்பூருக்குக் குத்துச்சண்டை போட வந்தார். தோட்டத்திலிருந்து இளவட்டங்கள் ஒரு லோரி பிடித்துப் போனார்கள். டிக்கெட் வாங்க வழியில்லை. மெர்டேக்கா ஸ்டேடியத்தின் வெளியே வெயிலில் நின்றுகொண்டு, உள்ளே எழும் இரைச்சலை வைத்தே யார் யாரை அடிக்கிறார்கள் என்று ஊகித்தார்கள். அதற்குப் பிறகு தோட்ட அலுவலகத்தில் கிராணி வேலை கிடைத்தது. மானேஜர் படித்துத் தூக்கிப்போடும் ஆங்கிலப் பத்திரிகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்தார். பார்த்திராத ஊர், பார்த்திராத மனிதர்கள். எவ்வளவு வேண்டுமானாலும் எடை போடலாம். யாரும் வந்து கதவைத் தட்டப் போவதில்லை.

சென்ற மாதம் செல்லையா செத்துப்போனார்.

செல்லையா தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். இரண்டாயிரத்து மூன்றில் கம்பெனி தோட்டத்தை விற்று, தொழிலாளர் குடியிருந்த லயங்களைக் காலிசெய்யச் சொன்னபோது, சனங்களைத் திரட்டிக்கொண்டு பதினோரு நாள் வாசற்கேட்டில் உட்கார்ந்தார். மழை, வெயில், போலீஸ் வண்டி எதற்கும் அசையவில்லை. கடைசியில் கம்பெனி இறங்கிவந்தது. நாற்பத்திரண்டு குடும்பங்களுக்குக் கல்வீடு கிடைத்தது. இன்று அந்த நாற்பத்திரண்டு குடும்பமும் ஒழுகாத கூரைக்குக் கீழே தூங்குவது செல்லையாவால்தான். இதில் ஒரு சொல் பொய்யில்லை. குடியிருப்பில் கட்டிக்கொண்டிருக்கும் புது மண்டபத்துக்கு அவர் பெயரையே வைப்பது என்று முடிவாகி, பெயர்ப் பலகைக்கும் சொல்லியாகிவிட்டது.

மூத்த மகன் லோகேஸ்வரன் கிராணி வீடு தேடி வந்தான். "அங்கிள், பதினாறாம் நாள் காரியத்துல நீங்கதான் அப்பாவப் பத்திப் பேசணும். வேற யாரு பேசினாலும் அளந்து பேசத் தெரியாது."

சிவானந்தம் தலையாட்டினார்.

அடுத்த நாள் வந்தவள் மாலா. ரவாங்கில் தொழிற்சாலை வேலை, நாற்பத்தைந்து வயது. தாயம்மாவின் மகள். தோட்டத்தில் இடிக்காமல் மிஞ்சியிருக்கும் ஒரே லயத்தில் தாயம்மா தனியாக இருக்கிறாள். மாதக் கடைசிக்குள் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

"என்னோட ரூமுல நாலு பொம்பளைங்க இருக்கோம் அங்கிள். அம்மாவ எங்க கொண்டுபோயி வைப்பேன்? நில அலுவலகத்துல வீடு கேட்டு மனு குடுத்தா வாங்கிக்கிறோம்னு சொல்றாங்க. ஆனா அம்மா தோட்டத்துல வேல செஞ்சாங்கன்னு பழைய கிராணி சத்தியக் கடிதம் குடுக்கணுமாம். வீட்டுப் பட்டியல்ல ஏன் பேரு இல்லன்னும் எழுதணுமாம்."

"பாக்கலாம்மா. காரியம் முடியட்டும்" என்றார் சிவானந்தம்.

பட்டியலில் ஏன் பெயர் இல்லை என்பது உயிரோடு இருப்பவர்களில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, புருஷன் பெயரை மட்டும்தான் கூப்பிடுவார்கள். பெண்டாட்டி சாக்கும் வாளியுமாக அவன் பின்னால் போவாள். அவன் குலை அறுத்துத் தள்ளுவான், அவள் சிதறிய பழத்தைக் குனிந்து குனிந்து பொறுக்குவாள். இரண்டு பேர் உழைப்பும் ஒரே பெயரில் ஏறும். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை, தாயம்மாவுக்கும்தான். இருபத்துநான்கு வருடம் சன்னாசி பெயருக்குப் பின்னால் அவள் பழம் பொறுக்கினாள். சன்னாசி நெஞ்சுவலியில் போன பிறகுதான் சிவானந்தம் பேரேட்டில் அவள் பெயருக்குத் தனிப் பக்கம் திறந்தார். தோட்டம் விற்கும்போது அந்தப் பக்கத்துக்குப் பத்தொன்பது மாத வயது.

வீட்டுப் பட்டியலை முதலில் அடித்தபோது நாற்பத்துமூன்று பெயர் இருந்தது. கம்பெனி நாற்பத்திரண்டுக்கு மேல் ஒரு வீடு கிடையாது என்றது. அன்று சாயங்காலம் செல்லையா அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் ஜன்னலோரம் நின்றார்.

"கிராணி, தாயம்மா பேர எடுத்துரு. காகிதத்துல அவளுக்கு ரெண்டு வருஷங்கூட இல்ல."

"இருவத்தினாலு வருஷம் வேல செஞ்சிருக்கா தலைவரே. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

"தெரியும். அதச் சொல்லிக்கிட்டு நான் போய் நின்னா, கம்பெனிக்காரன் புருஷன் பேருல வேல செஞ்ச பொம்பளைங்க கணக்கெல்லாம் கெளப்புவான். பேச்சு முறிஞ்சு போகும். நாப்பத்திரண்டும் போயிரும். எடுத்துரு."

சிவானந்தம் தட்டச்சு இயந்திரத்தில் புதுத் தாளைச் செருகினார். தாயம்மாவிடம், புருஷன் இறந்ததால் பதிவு செல்லாது என்று கம்பெனி சொல்லிவிட்டதாகச் செல்லையாவே சொன்னார். அவளும் நம்பினாள். அதற்குப் பிறகு செல்லையா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, சிவானந்தமும் திறக்கவில்லை. மோட்டார்சைக்கிளில் அந்தக் கடைசி லயத்தைத் தாண்டும்போது மட்டும் சிவானந்தம் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவார்.

பதினாறாம் நாள் பந்தல் நிறையச் சனம். படையல் முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் சிவானந்தத்திடம் மைக்கைக் கொடுத்தார்கள். ஆண்கள் வரிசைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தாயம்மாவும் மாலாவும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இன்று சொல்லிவிடுவது என்று வீட்டிலிருந்தே தீர்மானித்துக்கொண்டுதான் வந்திருந்தார். வாயைத் திறந்ததும் பழகிய பேச்சுதான் வந்தது.

"நெகிரி செம்பிலானில் ஒரு நிலக்குடியேற்றத் திட்டம் இருக்கிறது. அதற்கு அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் பெயர். கறுப்பு மக்களுக்கு ஓட்டுரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். வியட்நாமுக்குப் பையன்களை ஆயிரம் ஆயிரமாக அனுப்பியவரும் அவரேதான். கை ஒன்றுதான். நம் செல்லையா தலைவரும் அப்படித்தான். நாற்பத்திரண்டு வீடு வாங்கிக் கொடுத்தார். அந்த நாற்பத்திரண்டுக்காக ஒரு பெயர் வெளியே நின்றது. நல்லதை வைக்கும்போது அதையும் பக்கத்தில் வைக்கத்தான் வேண்டும்."

 யாராவது எழுந்து, எந்தப் பெயர் என்று கேட்பார்கள் என்று காத்திருந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பந்தலில் சிலர் தலையை ஆட்டினார்கள். கிராணி எப்போதும் இப்படித்தான், இரண்டு பக்கமும் பேசுவார். பின்னால் யாரோ வாழையிலைக் கட்டைப் பிரித்தார்கள். லோகேஸ்வரன் கண் கலங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பாவ ஒரு பிரசிடெண்டோட வச்சுப் பேசிட்டீங்க அங்கிள். இது போதும் எங்களுக்கு."

சிவானந்தம் பாதியிலேயே சாப்பாட்டை நிறுத்தினார். இலையை மடித்துவிட்டு எழுந்தபோது கைகழுவும் குழாய்ப் பக்கம் மாலா நின்றாள்.

"நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுது அங்கிள். வேற யாருக்கும் புரியல. புரியக்கூடாதுன்னுதானே அப்படிச் சொன்னீங்க?"

"இல்லம்மா. சொல்லணும்னுதான்…"

"ஒரு பேரு வெளிய நின்னுச்சுன்னு சொன்னீங்க. எங்கம்மா அதுவா போயி வெளிய நின்னாங்களா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை மூடினாள்.

"செவ்வாக்கிழம லீவு போட்டிருக்கேன். கோலா சிலாங்கூர்ல சத்தியக் கடிதத்துக்கு முத்திர குத்துற ஆபீஸ் ஒம்பது மணிக்குத் தொறப்பாங்க. வந்தா வாங்க. வரலன்னா நான் திரும்ப வந்து கேக்க மாட்டேன்."

மறுநாளே சிவானந்தம் லோகேஸ்வரனிடம் போய், எழுதப் போவது இன்னதென்று சொன்னார். தெரியாமல் செய்துவிட்டு முகத்தில் விழிக்க அவரால் முடியாது.  லோகேஸ்வரன் கேட்டான், "பதினாறு முடிஞ்சு ஒரு நாள்தான் ஆவுது. செத்தவரு வந்து பதில் சொல்ல முடியுமா?"

"முடியாது. அவரு உசிரோட இருந்தப்பவே நான் சொல்லியிருக்கணும்."

"எங்கப்பா பேரு மண்டபத்துல ஏறப்போவுது. அந்த நேரம் பாத்து இத எழுதுறீங்க."

"என் பேரும் அதுல வருதுப்பா."

"உங்க பேரு எந்த மண்டபத்துல இருக்கு அங்கிள்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனான். கதவை அடைக்கவில்லை. அவராகத்தான் வாசல் இறங்கி வந்தார். அன்று மாலை கடைக்குப் போனபோது தேநீர் வந்தது, பேச்சு வரவில்லை. திலீப் மட்டும் போகிறபோக்கில், "அண்ணே, நாப்பத்திரண்டு வீட்டுல எங்க அம்மா வீடும் ஒண்ணு. பாத்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறினான். அதில் கிண்டல் இல்லை.

செவ்வாய்க்கிழமை கோலா சிலாங்கூரில் கடைவரிசைக்கு மேல் மாடி. குறுகலான படிக்கட்டு. தாயம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினாள். கடிதத்தைச் சிவானந்தமே மலாயில் தயார்செய்து கொண்டுவந்திருந்தார். ஜான்சன் இல்லை, அலி இல்லை. தாயம்மா இத்தனை வருடம் வேலை செய்தாள். நாற்பத்துமூன்றாவது பெயர் அவளுடையது. தலைவர் சொன்னார், அந்தப் பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பட்டியல் அடித்தது நான். ஒன்றரைப் பக்கம்தான். முத்திரை குத்தும் சத்திய ஆணையர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றார் சிவானந்தம். முத்திரை விழுந்தது.

நில அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். கோப்பில் சேர்ப்பதாகவும், வீடு ஒதுக்க இப்போது இடமில்லை என்றும், மாதக் கடைசி நோட்டீஸை நிறுத்தும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்றும் அந்த அதிகாரி தன்மையாகவே சொன்னார். மாலா, கையில் ஒரு நகல் வேண்டும் என்று ஜெராக்ஸ் கடை தேடிப் போனாள்.

பஸ் நிலையத்துச் சிமெண்டு பெஞ்சில் தாயம்மாவும் சிவானந்தமும் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். மாலா கடிதத்தை அவளுக்குத் தமிழில் படித்துக்காட்டியிருந்தாள். தாயம்மாவுக்கு எழுபத்தோரு வயது. பழம் பொறுக்கிப் பொறுக்கி விரல் நுனிகள் தடித்து ஒரு பக்கமாக வளைந்துபோயிருந்தன.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு தாயம்மா."

"அன்னைக்கு எம்பேர எடுத்தீங்களே, அப்ப மனசுல என்ன நெனச்சீங்க?"

சிவானந்தம் யோசித்தார். நாற்பத்திரண்டு குடும்பத்தை நினைத்தேன் என்று சொல்லலாம். கை நடுங்கியது என்று சொல்லலாம். அந்தச் சாயங்காலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னலோரம் செல்லையா, தாளை உருட்டும் சத்தம், சுவரில் கடிகாரம்.

"மணி அஞ்சாகப் போவுதேன்னு நெனச்சேன். ஆபீஸ் பூட்டற நேரம். கடைசித் தாள மட்டும் மாத்தினாப் போதும், முழுசும் அடிக்க வேணாம்னு நெனச்சேன். உம்பேரு கடைசியில இருந்துச்சு."

"வேற ஒண்ணும் நெனக்கலியா?"

"இல்ல தாயம்மா."

கிள்ளான் பஸ் வந்து, சனத்தை இறக்கிவிட்டுப் போனது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கம்பெனிதான் எடுத்துச்சுன்னு தலைவரு சொன்னப்பகூட, அத எழுதின கையி எம்பேருகிட்ட வந்து ஒரு நிமிசம் நின்னுருக்கும்னு நெனச்சுக்குவேன். நீங்கதானே எழுதுவீங்க. எனக்குத் தெரிஞ்சவருதானேன்னு."

மாலா நகல்களோடு வந்தாள். ஒன்றை அவரிடம் நீட்டினாள். தாயம்மா மகளின் தோளைப் பிடித்து எழுந்து, மூட்டை கட்ட நிறைய இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஈஜோக் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். அதே பஸ்ஸில்தான் அவரும் போக வேண்டும். அவர் அடுத்த பஸ்ஸுக்கு உட்கார்ந்துவிட்டார்.