நாக்குக்கு அடியில் நாலு சொட்டு

என் கணவர் பதினெட்டு வருஷம் ஜவ்வாது மலையில் ஜீப் ஓட்டியவர். ஆலங்காயத்திலிருந்து நெல்லிவாசல் பக்கத்து ஊர்களுக்கு ஆளும் மூட்டையுமாக ஏற்றிக்கொண்டு போய்வருவார். நான் மலையில் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். "காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, நடுவுல நிறுத்திடாதீங்க" என்று சன்னலுக்குப் பின்னால் நின்றபடி தினமும் எத்தனையோ பேரிடம் சொல்கிறவள். என் வீட்டிலேயே ஒருவர் மருந்தை நிறுத்தியது எனக்கு மூன்று மாதம் தெரியவில்லை.

முதலில் ஜீப்பின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்தது. புளியங்கிளை இடித்துவிட்டது என்றார். மாற்றிய கண்ணாடியும் இரண்டு வாரத்தில் போயிற்று. வீட்டில் இடது கைப்பக்கம் வைத்த தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுவார். ஒருநாள் சாப்பிடும்போது, "கொழம்பு வெக்கலியா?" என்று கேட்டார். கிண்ணம் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. "எதிர்ல கீற கிண்ணம் தெரியலன்னா நீ எப்டி மாமா மலை ஏறி எறங்குற?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏதோ சரியில்லை என்று அப்போதே எனக்குப் பட்டிருக்க வேண்டும்.

வேலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். உள்ளே வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் அழுத்த வேண்டும். நான் பின்னால் நின்றிருந்தேன். பொத்தான் சத்தம் வெகுநேரம் கேட்கவே இல்லை. அப்புறம் திடீரென்று படபடவென்று ஏழெட்டுத் தடவை அழுத்தினார். சோதனை செய்த பெண், "தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க அய்யா, குத்துமதிப்பா அழுத்தாதீங்க" என்றாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

வந்த காகிதத்தில் இடது கண்ணின் வட்டம் முக்கால்வாசி கறுப்பாக இருந்தது. வலது கண்ணில் ஓரத்தில் மட்டும் பிறை போலக் கறுப்பு. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போகிற நோய் என்று டாக்டர் சொன்னார். போன பார்வை திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், ஒரு சொட்டு மருந்து, காலையும் மாலையும், ஆயுசு முழுக்க.

"ஜீப் ஓட்டலாமா?" என்று நான்தான் கேட்டேன்.

"ஆள் ஏத்தி ஓட்டாதீங்க. விட்டுடுறது நல்லது."

"சரிங்க" என்றார் என் கணவர். இரண்டு நாள் கழித்து விடிகாலையில் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டு எழுந்து வெளியே போனேன். சாமை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"மேல ஊர்ல ஒரு பொண்ணுக்கு வலி கண்டுக்கீது. நீ போய் தூக்கினு வர்றியா?" என்றார்.

நான் உள்ளே போய்விட்டேன். அந்தப் பெண்ணை அவர் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார் என்பதும் உண்மை. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருக்கு ஜீப் தேவைப்பட்டது.

சொட்டு மருந்து அவருக்கு ஆகவில்லை. கண் எரியும், தொண்டையில் கசக்கும், போட்டதும் கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரியும். அவர் ஐந்து மணிக்குக் கிளம்புவார், நான் எட்டரைக்கு வேலைக்குப் போவேன். "ஜீப்புலயே வெச்சிக்கீறேன், போட்டுக்கினுதான் வண்டி எடுக்குறேன்" என்பார். நம்பினேன்.

இந்தச் சமயத்தில்தான் என் கொழுந்தன் பெங்களூரிலிருந்து வந்தான். அங்கே ஒரு கிடங்கில் பொட்டலம் கட்டுகிற வேலை. அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். பையிலிருந்து கட்டைவிரல் உயரத்தில் ஒரு பழுப்புக் குப்பியை எடுத்து வைத்தான்.

"இது சி.பி.ஜி.ன்னு ஒரு எண்ணெ, அண்ணா. ஹெம்ப் செடிலேர்ந்து எடுக்குறது. கண்ணு அழுத்தத்துக்கு நல்லதாம்."

"ஹெம்ப்னா?"

"சணல்னு வெச்சிக்கயேன்."

"சாக்கு தைக்கிற சணலா? அத்த நான் குடிக்கணுமா?"

"அது இல்லண்ணா." கொழுந்தன் என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "கஞ்சா ஜாதிதான். ஆனா இதுல போதை கெடையாது. அந்தச் செடி இளசா இருக்கசொல்ல இந்தச் சரக்குதான் மொதல்ல உண்டாவுதாம். செடி வளர வளர இதுலேர்ந்துதான் மத்ததெல்லாம் மாறி வருதாம். முத்துன செடில இது துளியூண்டுதான் மிஞ்சும். அதனாலதான் நெறய பேருக்குத் தெரியாது. வலிக்கு, குடல்புண்ணுக்கு, பசிக்கு, கண்ணுக்கு, எல்லாத்துக்கும் சோதிச்சுப் பாத்துக்கினு கீறாங்களாம். ஆயுர்வேத டாக்டர்கிட்ட போன்ல பேசி, சீட்டு வாங்கித்தான் எடுத்தாந்தேன். திருட்டு வேலை ஒண்ணும் இல்ல."

குப்பியின் மேல் ஐந்து விரல் விரித்த இலைப் படம் இருந்தது. எங்கள் மலையில் அந்த இலை மருந்து இல்லை, போலீஸ். மேலே ஓர் ஊரில் மரவள்ளிக் காட்டுக்குள் செடி வைத்திருந்தார் என்று ஒருவரைப் பிடித்துப்போனார்கள். அவர் மனைவி ஜாமீனுக்காக அலைந்தபோது என்னிடம்தான் தலைவலி மாத்திரை வாங்குவாள். செக்போஸ்டில் யாராவது இந்தப் படத்தைப் பார்த்தால் சீட்டைக் காட்டிப் புரியவைக்க முடியுமா? நகத்தால் அந்தப் படத்தைச் சுரண்டி எடுத்தேன். அதோடு எவ்வளவு எடுப்பது என்று எழுதியிருந்த வரியும் பாதி கிழிந்துவிட்டது.

மறுநாள் எங்கள் மருத்துவ அலுவலரிடம் கேட்டேன். சின்ன வயதுப் பெண், எதையும் யோசித்துத்தான் சொல்வார். போனில் கொஞ்ச நேரம் தேடிப் படித்தார்.

"கண் அழுத்தத்தைக் குறைக்குதுன்னு விலங்குகள்ல பார்த்திருக்காங்க. மனுஷங்களுக்கு உதவும்னு சொல்ற அளவுக்கு எதுவும் இல்ல. உதவாதுன்னு அடிச்சுச் சொல்லவும் என்கிட்ட ஆதாரம் இல்ல. ஆனா இந்த மாதிரி எண்ணெயில வேற சரக்கும் கலந்திருக்கும். அதுல ஒண்ணு அழுத்தத்தைக் கூட்டலாம்னு கூட ஒரு பேச்சு இருக்கு. என்ன ஆனாலும் சொட்டு மருந்த மட்டும் நிறுத்தக் கூடாது, அதுல உறுதியா இருங்க."

வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். என் கணவர் காதில் விழுந்தது ஒரே ஒரு வரிதான். "உதவாதுன்னு சொல்லல இல்ல?" என்றார்.

நான் ஏன் தடுக்கவில்லை என்று பிற்பாடு என் அக்கா கேட்டாள். மருந்து படித்தவள் இல்லையா நீ என்றாள். மருந்து படித்தவளிடம், போனது திரும்பாது என்று எழுதிய காகிதம்தான் இருந்தது. கொழுந்தனிடம் ஒரு குப்பி இருந்தது. எனக்கும் அந்தக் குப்பி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

காலையும் மாலையும் நாக்குக்கு அடியில் நாலு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் வாயை மூடி உட்கார்ந்திருப்பார். பச்சைப்புல்லைக் கசக்கிய மாதிரி வாசனை வரும். இரண்டு வாரத்தில் ஆள் மாறிவிட்டார். முன்பெல்லாம் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, தன் கையை முகத்துக்கு நேரே ஆட்டிப் பார்த்துக்கொள்வார். அது நின்றது. களி இரண்டாம் உருண்டை கேட்டுச் சாப்பிட்டார். ஜீப்பில் வருகிறவர்களிடம் பழையபடி வம்பு பேசினார். "கண்ணு பளிச்சுனு கீது" என்று ஊர் முழுக்கச் சொன்னார். நான் இடப்பக்கத்தில் போய் நின்று விரலை ஆட்டி, "எத்தினி?" என்று கேட்பேன். அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூணு" என்பார். திரும்பாமல் சொல்லச் சொன்னால் கோபம் வரும். அப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன். மூன்றாம் மாதம் வேலூருக்குப் போக வேண்டிய தேதியும் வந்து போனது. "நல்லாத்தான் கீதே, புளி சீசன் முடியட்டும்" என்றார்.

புளி மூட்டைகளோடு ஆலங்காயம் இறங்கிய ஒரு காலை நேரத்தில் நானும் ஜீப்பில் இருந்தேன். அவருக்கு இடப்பக்கம், முன் சீட்டில். பின்னால் பதினோரு பேர். வெயில் நன்றாக ஏறியிருந்தது, ரோடு காலியாக இருந்தது. ஒரு வளைவில் கீழிருந்து பால்காரர் பைக்கில் ஏறி வந்துகொண்டிருந்தார். வண்டியின் இரண்டு பக்கமும் கேன். அங்கேதான் அகலம் இருந்ததால், ஜீப்புக்கு வழிவிட்டு ரோட்டின் எங்கள் பக்கத்து ஓரத்தில், எங்களுக்கு இடப்பக்கமாக ஒதுங்கி நின்றார். நான் அவரை நன்றாகப் பார்த்தேன். அவர் எங்களைப் பார்த்துக் கையைக்கூடத் தூக்கினார். ஜீப் அவரை நோக்கியே போயிற்று.

"மாமா! ஆளு!"

அவர் பிரேக்கை மிதித்தார். ஆனால் வலப்பக்கம் பார்த்தார். பம்பர் பைக்கின் முன்சக்கரத்தைத் தட்டியது. பால்காரர் பள்ளத்துப் பக்கம் விழாமல் ரோட்டுப் பக்கம் விழுந்தார். அதுதான் எங்கள் நல்ல காலம். முழங்கை திரும்பிக்கொண்டு தொங்கியது. பால் ரோட்டில் வளைந்து வளைந்து கீழே ஓடியது.

பின்னாலிருந்து எல்லோரும் குதித்தார்கள். நான் என் சேலைத் தலைப்பைக் கிழித்து பால்காரர் கையை ஜீப்பில் கிடந்த ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டினேன். என் கணவர் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பக்கம் யாரும் வரலியே" என்றார். "யாருமே வரலியே."

யாரோ ஒருவர், "ஆள் நின்னுக்கினு கீறாரு, இன்னா நீ குருடனா?" என்று கத்தினார். கத்தியவருக்கு விஷயம் தெரியாது. என் கணவர் மெல்லத் தலையை முழுக்க இடப்பக்கம் திருப்பி, ரோட்டையும் பாலையும் பார்த்தார். திருப்பிய பிறகுதான் அவருக்கு அது தெரிந்தது என்பதை நானும் அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

பின்னால் வந்தவர்களில் ஒருவர், பால்காரரின் பையனுடைய நண்பர், ஜீப்பை ஓட்ட, எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் ஏதோ காகிதம் தேடி ஜீப்பின் டேஷ்போர்டைத் திறந்தேன். சொட்டு மருந்துக் குப்பிகள் மூன்று அதில் இருந்தன. இரண்டில் மூடியின் சீலே உடைக்கப்படவில்லை.

"எரிச்சலா கீது. அந்த எண்ணெதான் வேலை செய்யுதே, எதுக்கு ரெண்டுன்னு வுட்டுட்டேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்குத் திட்ட வரவில்லை. என் சன்னலுக்கு வந்து இதே பதிலைச் சொன்ன எத்தனை பேரை நான் அதட்டியிருக்கிறேன்.

வேலூரில் அழுத்தம் முன்பைவிடக் கூடியிருந்தது. வலது கண்ணின் பிறை அரைவட்டமாகியிருந்தது. எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. "எண்ணெயால கூடுச்சா, சொட்டு மருந்த நிறுத்தினதால கூடுச்சான்னா, நிறுத்தினதாலதான்னு நினைக்கிறேன்" என்றார். வேறு இரண்டு சொட்டு மருந்து எழுதினார். ஆபரேஷனும் செய்தார்கள். இப்போது அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. பார்வை அங்கேயே நிற்கிறது, நேர் எதிரே ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. ஜீப்பை அவருடைய மச்சான் ஓட்டுகிறார். பால்காரர் கை சேர்ந்துவிட்டது, முழுக்க மடங்காது. அவர் எங்கள் மேல் வழக்குப் போடவில்லை. என் கணவர் அவர் வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து நின்றபோது, "நீ வேணும்னேவா பண்ண? போ" என்று மட்டும் சொன்னாராம்.

கொழுந்தன் போனில் அழுதான். "நான்தான் அண்ணி கெடுத்துட்டேன்" என்றான். இல்லை என்று சொன்னேன். பாதி மனதோடுதான் சொன்னேன், அது அவனுக்கும் கேட்டிருக்கும்.

குப்பி தீர்ந்துபோயிற்று. வண்டி எடுக்காவிட்டாலும் அவருக்குக் காலை நாலரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது, இப்போது நானும் அப்போதே எழுந்து நானே அவர் கண்ணில் மருந்து விடுகிறேன். படுத்து, இமையை விரித்துக் கொடுப்பார். ஒருநாள் அப்படிப் படுத்திருக்கும்போது கேட்டார்: "அந்த எண்ணெ இன்னொரு தபா வாங்கிக் குடுக்கச் சொல்றியா?"

"எதுக்கு மாமா? அது ஒண்ணும் பண்ணலியே."

"கண்ணுக்கு ஒண்ணும் பண்ணல. தெரியும். அது இருந்தப்போ எனக்கு பயம் இல்ல."

அவரிடமிருந்து போன பயம் அந்த எண்ணெயால் போனதா, தம்பி கொடுத்தான் என்ற நம்பிக்கையால் போனதா, எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை. வேண்டாம் என்றால் அதை அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும்.

போன வாரம் சன்னலில் ஒரு பெண் நின்றாள். மேல் ஊர்க்காரி, முன்பு எங்கள் ஜீப்பில் வருகிறவள்.

"எங்க அப்பாருக்குக் கண்ணு மங்கிக்கினே வருதுங்க. உங்க வூட்டுக்காரரு நாக்குல வுட்டுக்குற எண்ணெ எங்க கெடைக்கும்?"

"அது கண்ணுக்கு வேலை செய்யலம்மா. அவருக்கு இன்னும் மோசமாத்தான் ஆச்சு. அப்பாவ வேலூருக்குக் கூட்டினு போங்க, சீட்டு எழுதி வாங்கித் தர்றேன்."

"அவரே சொன்னாருங்க, பளிச்சுனு கீதுன்னு. என் காதால கேட்டேன்."

"அப்போ சொன்னாரு. இப்போ அவரால வண்டி ஓட்ட முடியல, பாக்கறீங்கல்ல?"

அவள் என்னையே பார்த்தாள். படித்தவர்கள் நல்லதைத் தங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள் என்கிற பார்வை. மருத்துவ அலுவலரிடம் சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்தேன். எந்த பஸ், எங்கே இறங்குவது, யாரைக் கேட்பது என்று பின்பக்கம் நானே எழுதினேன். அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரிங்க" என்றாள். என் கணவர் டாக்டரிடம் சொன்ன அதே மாதிரியான சரிங்க. அவள் வாசல் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் அடுத்து நின்றவர் சீட்டை நீட்டினார்.