விளக்கு வைத்த பிறகு சுரண்டிய மெழுகு

1988 பெப்ரவரி 6, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி இருபது நிமிடம். வெளியே பூச்சியத்துக்குக் கீழே ஒன்பது பாகை. காற்று இல்லை, பனி கொட்டுவதும் மூன்று மணிக்கே நின்றுவிட்டது. அந்த நேரத்தில் என் மகன் ஜெயந்தன் எங்கள் அறைக்கு வெளியே, மாடிப்படியின் தலைப்பில், இரண்டு கதிரைகளை எதிரெதிராக வைத்து அவற்றின்மேல் ஒரு பலகையைக் கிடத்தி அந்தப் பலகைக்கே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். தன் சட்டைக்கு ஒருநாளும் இஸ்திரி போடாத பிள்ளை அவன்.

ஊரில் இருப்பவர்களுக்கு அந்தப் பலகையை விளக்கவேண்டும். அது பனியில் நின்றபடி சறுக்கும் பலகை. ஸ்னோபோர்ட் என்கிறார்கள். படங்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடியது காலுக்கொன்றாக மாட்டும் இரட்டைக் கட்டைகள். இது ஒற்றை. இரண்டு கால்களையும் அதன்மேல் குறுக்கே கட்டிவிடுவார்கள். இந்த ஜெர்மனி நாட்டுக்கே அது புதிது. எங்கள் வீட்டுச் சொந்தக்காரி பிராவ் லெஹ்னரின் பெறாமகன் வாங்கி, அலுத்து, நிலவறையில் போட்டுவிட்டுப் போனதை அந்த மனுசி ஜெயந்தனுக்குக் கொடுத்தார். அவனுக்கு வயது இருபத்திரண்டு. அகதி விண்ணப்பம் முடியும்வரை வேலை செய்ய அனுமதியில்லை, படிக்கவும் வழியில்லை. சறுக்குவதற்கு அனுமதி வேண்டும் என்று மட்டும் இதுவரை யாரும் சொல்லவில்லை.

பிராவ் லெஹ்னருக்கு எழுபத்தெட்டு வயது, என்னிலும் பன்னிரண்டு கூட. எங்களுக்குக் கீழ் மாடியில் தனியே இருந்தார்; தெருவுக்குப் போக அவரும் படி இறங்கவேண்டும். கூரையடி அறையில் எங்களை வைத்திருக்கச் சம்மதம் என்று அவர் கையெழுத்து வைத்தபடியால்தான் முகாமிலிருந்து வெளியே வந்தோம். முகாமில் ஓர் அறைக்கு ஆறு பேர், மூன்று மொழிகள், ஓர் அடுப்பு. பதினொரு மாதம் அங்கே கிடந்தோம். அந்த மனுசி படியேறி இறங்கும்வரைதான் எங்களுக்கு இந்தக் கூரை என்பது எனக்குத் தெரியும். அவர் இருமினால்கூட நான் மேலே இருந்து எண்ணிக்கொண்டிருப்பேன்.

அன்று, பலகை நன்றாகச் சறுக்க ஜெயந்தன் பூசிய மெழுகின் மணத்துக்கு அவரே மேலே ஏறி வந்து, தன் பழைய இஸ்திரிப்பெட்டியைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"என்னவாம்?" என்று ஜெயந்தனைக் கேட்டேன்.

"பெட்டியை என்னையே வைச்சிருக்கட்டாம். இனி அவ அதாலை சட்டை மினுக்கிக் கோயிலுக்குப் போனா, பாதிரியார் மெழுகுதிரி எண்டு நினைச்சுக் கொளுத்திப்போடுவாராம்."

நானும் சிரித்தேன். இந்த நாட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது மூன்று தடவை. அது மூன்றாவது.

மெழுகுக் கட்டியைச் சூடான இஸ்திரிப்பெட்டியில் வைத்து அழுத்த, அது சொட்டுச் சொட்டாகப் பலகையில் விழுகிறது. பிறகு பெட்டியை நிறுத்தாமல் மெதுவாக இழுத்து அதைப் பரவவேண்டும். ஓரிடத்தில் நின்றால் பலகையின் அடி கருகிவிடுமாம். ஆறியபின் ஒரு பிளாஸ்டிக் தகட்டால், போட்ட மெழுகை எல்லாம் சுரண்டி எடுக்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கச்சேரியில் கணக்குப் பார்த்தவன் நான்.

"ஏனடா பூசினதைத் திருப்பிச் சுரண்டுறாய்?"

"மேலை நிக்கிறது கூடாதப்பா. உள்ளுக்கை ஊறினது காணும்."

"எவ்வளவு ஊறினது?"

"அதை ஆர் அளந்தது?"

"அளக்காமலோ சுரண்டுறாய்?"

தேங்காய்ப்பூப் போல மெழுகுத் துருவல் நிலத்தில் கொட்டியது. கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையால், பிராவ் லெஹ்னரின் கதவிலிருந்து இறங்கும் கீழ்ப் படிகளிலும் விழுந்தது. அவன் வேலை முடித்துத் தும்புத்தடியை எடுத்தபோது, யன்னல் ஓரத்தில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நான் விளக்கை ஏற்றிவிட்டிருந்தேன். சூரியகாந்தி எண்ணெய், மருந்துக்கடைப் பஞ்சுத் திரி. ஊரில் அந்த நேரத்துக்கு முற்றத்தில் வெயில் கிடக்கும். இங்கே இருட்டிவிட்டது.

"வை அதை. விளக்கு வைச்சாப் பிறகு கூட்டப்படாது. விடியக் கூட்டுவம்."

"லட்சுமி போயிடுவாவோ? முகாமிலை எங்களோடை வரிசையிலை நிண்டு விசா எடுத்தவவோ அப்பா அவ?"

"நக்கலை விடு. தடியை வை."

வைத்துவிட்டான். பகிடி விடுவானே தவிர, என் சொல்லை மீறமாட்டான்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீடு எரிந்தது. மறுநாள் பின்னேரம் போய்ப் பார்த்தபோது என் மனைவி எங்கிருந்தோ ஒரு கட்டைத் தும்புத்தடியை எடுத்துச் சாம்பலைக் கூட்டத் தொடங்கினாள். பொழுதுபட்டும் நிறுத்தவில்லை. கூட்டாதே என்று நான் சொல்லவில்லை. ஏற்ற விளக்கு இருக்கவில்லை. இப்போது அவள் மூத்த மகளுடன் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். ஐப்பசிக்குப் பிறகு அங்கிருந்து கடிதம் இல்லை. விளக்கு ஏற்றிய வீட்டிலிருந்து ஒரு தூசியும் வெளியே போகக்கூடாது என்று இங்கே நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். விளங்கக்கூடியவர்களுக்கு விளங்கும்.

விடியக் கூட்டுவம் என்றேன். எங்கள் ஊரில் வருடம் முழுக்க ஆறு மணிக்கு விடியும். ஞாயிறு ஆறு மணிக்கே எழும்பித் தும்புத்தடியைக் கதவோரம் சாத்திவிட்டு, யன்னலில் வெளிச்சம் வரட்டும் என்று காத்திருந்தேன். ஏழுக்கும் இருட்டு. ஏழு மணி மூன்று நிமிடத்துக்குப் பிராவ் லெஹ்னர் தன் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பூசைக்குப் போடும் தோல் அடிச் சப்பாத்தின் சத்தம் இரண்டு கேட்டது. மூன்றாவது கேட்கவில்லை.

இடுப்பெலும்பு முறிவு. அவரைத் தூக்கிப் போனபின் நான் படிகளைக் கூட்டினேன். அப்போதும் விடியவில்லை.

மத்தியானம் மியூனிக்கிலிருந்து அவருடைய மகள் கிறிஸ்டா வந்தாள். படிமூலையில் கிடந்த ஒரு மெழுகுச் சுருளை எடுத்து உள்ளங்கையில் வைத்து, ஏன் இரவே கூட்டவில்லை என்று கேட்டாள். நான் காரணத்தைச் சொன்னேன். ஜெயந்தன் தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தான். விளக்கு வைத்தபின் கூட்டினால் வீட்டின் செல்வம் போய்விடும். அவள் எங்கள் அறையைப் பார்த்தாள். இரண்டு கட்டில், ஒரு சூட்கேஸ், ஒரு படம்.

"எந்தச் செல்வம்?" என்றாள். கேலி இல்லை. அறியத்தான் கேட்டாள்.

ஆஸ்பத்திரி அடுத்த மாவட்டத்தில். எங்களைப் போன்றவர்கள் அனுமதியின்றி மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. அனுமதி கேட்கப் போனால், அதைக் கேட்பதற்கே பதினாறு நாள் கழித்து ஒரு டெர்மின், அதாவது வரவேண்டிய நாளும் நேரமும், தந்தார்கள். நான் ஒன்பதாம் நாள் மூன்று தோடம்பழங்களுடன் ரயில் ஏறினேன். 'குற்றம் என்னுடையது' என்பதை ஜெயந்தனிடம் ஜெர்மனில் எழுதித் தரச் சொல்லிப் பாடமாக்கியிருந்தேன். கட்டிலில் அவர் பாதியாகிக் கிடந்தார். பாடமாக்கிய வசனத்தைச் சொன்னேன். என் உச்சரிப்பு அவருக்குப் பிடிபடவில்லை. ஆகவே நான் எழும்பி நின்று, இரண்டு கையாலும் கூட்டிக் காட்டினேன். படியைக் காட்டினேன். என் நெஞ்சைத் தொட்டேன்.

அவருடைய முகம் மலர்ந்தது. "யா, யா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தானும் கூட்டிக் காட்டி மெதுவாகச் சொன்னார். நான் படிகளைக் கூட்டி வைத்திருக்க வேண்டுமாம், தான் வரும்வரைக்கும். என் குற்றத்தை அவர் வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டார். திருத்த எனக்கு மொழி இருக்கவில்லை. இருந்திருந்தாலும் திருத்தியிருப்பேனா தெரியாது.

திரும்பி வரும்போது ரயில் நிலையத்தில் இரண்டு பொலிசார் நின்றார்கள். இறங்கியவர்கள் நாற்பது பேர் இருக்கும். கேட்டது என் ஒருவனுடைய பத்திரத்தை.

பிராவ் லெஹ்னர் இனித் திரும்பமாட்டார். முதியோர் இல்லத்தில் இடம் எடுத்திருப்பதாகவும் ஏப்ரல் முடிவில் வீடு கைமாறுவதாகவும் கிறிஸ்டா எழுதியிருக்கிறாள். நாங்கள் மறுபடியும் முகாமுக்கு. பலகை நிலவறைக்குப் போய்விட்டது. ஜெயந்தன் அதைப்பற்றிப் பேசுவதில்லை, என்னை ஒரு சொல் குறை சொல்லவுமில்லை. சொன்னால் கொஞ்சம் ஆறும்.

ஒவ்வொரு பின்னேரமும் நான் படிகளைக் கூட்டுகிறேன், வராத மனுசிக்காக. கூட்டி முடியும்வரை விளக்கை ஏற்றுவதில்லை. மின்விளக்கையும் போடுவதில்லை. பிள்ளையார் இருட்டில் இருக்கிறார், நான் இருட்டில் ஒவ்வொரு படியாக இறங்கி விரலால் தடவிப் பார்க்கிறேன். மரத்தின் இடுக்குகளில் இன்னும் மெழுகு இருக்கிறது. கடைசிப் படியில் நிமிர்ந்தால் மேலே என் திரி ஏற்றாமல் கிடக்கிறது, இடையில் அவருடைய கதவு பூட்டிக் கிடக்கிறது.

தண்டப்பணம் அறுபது மார்க். ரயில் போக வர எட்டு மார்க் நாற்பது பெனிக். தோடம்பழம் மூன்று, ஒரு மார்க் எண்பது. எல்லாமாக எழுபது மார்க் இருபது பெனிக்.