எண்ணப்படாத விசை

வடிவமைப்பு மென்பொருள் செய்யும் அந்த நிறுவனத்தில் அவள் சேர்ந்தபோது மொத்தம் பதினொரு பேர். நான்கே ஆண்டுகளில் முந்நூற்றைம்பது. திங்கட்கிழமைதோறும் புதுமுகங்கள் வந்து நிற்கும். நாற்காலிகள் புதன்கிழமை வரும். போன வாரம் சாப்பிட்ட அறையில் இந்த வாரம் கூட்டம் நடக்கும். வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் 'ஏனக்கா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே ஒரு வெட்டுப் பட்டியல் வரும். யாரும் தொடாத வசதிகளை எண்ணிப் பார்த்துத் தூக்கிவிடுவார்கள். இம்முறை அதில் 'நூலளவு நகர்த்தல்' இருந்தது. படத்தில் உள்ள எழுத்தையோ கோட்டையோ மயிரிழை தூரம் தள்ளுகிற வசதி. உலகம் முழுவதும் நாளொன்றுக்கு நாற்பத்தொரு முறைதான் பயன்பட்டிருக்கிறது என்றது அறிக்கை. வெள்ளிக்கிழமை வெட்டு.

செய்தி அறிந்து, பெயர்ப்பலகை செய்பவர் ஒருவர் எழுதியிருந்தார்: "எனக்குக் கை நடுக்கம். மவுஸைப் பிடித்தால் எழுத்து எங்கேயோ ஓடும். விசைப்பலகையில் விசையைத் தட்டித் தட்டித்தான் நகர்த்துகிறேன், நாளுக்கு முந்நூறு தடவை. இதை எடுத்துவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான்."

அவளுக்கு இரக்கம் பிறகுதான் வந்தது. முதலில் கணக்கு இடித்தது. ஒருவரே முந்நூறு என்றால், உலகத்துக்கே எப்படி நாற்பத்தொன்று?

மாலையில் வீட்டில் மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார் கணவர். எலெக்ட்ரீஷியன்.

கடிதத்தையும் கணக்கையும் சொல்லிவிட்டு, "அந்த ஆள் கூட்டிச் சொல்றாரோ என்னவோ" என்றாள்.

"மீட்டர் ஓடலைன்னா கரண்டே எரியலைன்னு அர்த்தமா? மொதல்ல மீட்டரைப் பாரு. அந்த ஸ்க்ரூ டிரைவரையும் எடு."

மறுநாள் காலையில் சோதனைக் கணக்கு ஒன்றைத் திறந்தாள். மெனுவைச் சொடுக்கிப் பத்து முறை நகர்த்தினாள், எண்ணிக்கை பத்து. விசைப்பலகையால் பத்து முறை நகர்த்தினாள்; அதே பத்து. இன்னும் இருபது தட்டினாள். பத்து, பத்தாகவே நின்றது. எண்ணும் நிரலை எழுதியவர் விசைகளை மறந்தே போயிருந்தார். ஒரு வசதியை நாள் முழுக்கப் பயன்படுத்துகிறவன் மெனுவைத் தேடமாட்டான், விசையை மனப்பாடமாக வைத்திருப்பான். அதாவது, யாருக்கு அது அதிகம் தேவையோ அவனைத்தான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வெட்டுப் பட்டியலுக்குப் பொறுப்பானவர் இருந்தார். சேர்ந்து ஆறு மாதம்தான், படு சுறுசுறுப்பு.

"ஒருத்தருக்காக நிறுத்த முடியுமாக்கா? ஆறுதலா ஒரு பதில் எழுதிடலாம்."

"ஆறுதலை வச்சு எழுத்தை நகர்த்த முடியாது தம்பி."

"எண் பொய் சொல்லாதுக்கா."

"எண்ணு பாவம், அது என்ன பண்ணும்? இங்க வாங்க. உங்க கையாலேயே தட்டுங்க."

தட்டினார். எண்ணிக்கை அசையவில்லை. மறுபடி தட்டினார்.

"இன்னும் ஓங்கி அடிங்க, ஒருவேளை காது கேக்கலையோ என்னவோ" என்றது மூலையிலிருந்து ஒரு குரல். அறை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பட்டியலில் அந்த வரியைத் தானே அழித்தார். எழுந்தவரை அவள் விடவில்லை.

"இத்தனை நாளா இதே மீட்டரை வச்சுதானே வெட்டினோம்? மொத்தம் எத்தனை?"

அவர் தேடிப் பார்த்தார். "இருபத்தாறு."

சிறுபான்மை என்று சொல்லி ஒதுக்குவதற்கு முன் ஆட்களை ஒழுங்காக எண்ண வேண்டும் என்ற சின்ன நேர்மைகூட அந்தப் பளபளக்கும் கட்டடத்தில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவளுக்கும்தான். அந்த இருபத்தாறு வெட்டுகளுக்கும் வந்த முறையீடுகளுக்கு, "மிகச் சிலரே பயன்படுத்துவதால் நீக்குகிறோம், வருந்துகிறோம்" என்று பணிவாகப் பதில் எழுதியவள் அவளே.

பெயர்ப்பலகைக்காரருக்கு "உங்கள் விசை இருக்கும்" என்று உடனே எழுதினாள். பிறகு பழைய முறையீடுகளைத் தோண்டி எடுத்தாள். நானூற்றுச் சொச்சம். பொறுப்பாளர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பாதியை எனக்கு அனுப்புங்கக்கா. முதல் வரி என்ன எழுதறது?"

"எண்ணினது தப்புன்னு எழுதுங்க. வருந்துகிறோம்னு நான் ஏற்கெனவே எழுதியாச்சு."