யோருனுக்கு எட்டும் வண்டி

மீட்பு வண்டியில் ஏறுவதற்கு முன் யோருன் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போடுகிறாள். துறைமுகத்தில் காட் மீன் அடைத்து வைக்கும் நீல பிளாஸ்டிக் பெட்டி. அதன் மேல் ஒரு கால், கதவுக் கைப்பிடியில் ஒரு கை, ஒரு முக்கல், ஆள் உள்ளே. பெட்டியில் கட்டியிருக்கும் கயிற்றை இழுத்தால் பெட்டியும் பின்னாலேயே ஏறிக்கொள்ளும். அதைக் காலடியில் தள்ளிவிட்டு, உப்புப் போட்ட கறுப்பு அதிமதுர மிட்டாய் ஒன்றை வாயில் அதக்கிக்கொண்ட பிறகுதான் சாவியைத் திருப்புவாள். வரைபடத்தையும் ரேடியோவையும் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நான் இதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

யோருன் குள்ளம். அதை அவளிடம் சொல்லக் கூடாது. "நான் குள்ளமில்ல கண்ணு, நீங்கல்லாம் தேவையில்லாம வளந்துட்டீங்க" என்பாள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வார நாட்களில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் சேகரிக்கும் டேங்கர் லாரி ஓட்டுகிறாள். மற்ற நேரத்தில், ஐஸ்லாந்தின் தென்கரையில் கடலுக்கும் பனிமலைக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் எங்கள் ஊரின் மீட்புக் குழுவுக்கு அவள்தான் ஓட்டுநர். எங்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. கூப்பிட்டால் ஓட வேண்டும், அவ்வளவுதான். பனியில் புதைந்தவனுக்கும், ஆற்றில் காரை இறக்கிவிட்டுக் கூரைமேல் குந்தியிருப்பவனுக்கும் கண்ணாடிக்குப் பின்னால் முதலில் தெரிவது அவளுடைய கம்பளித் தொப்பிதான். தொப்பிக்குக் கீழே முகம் தெரிய இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வர வேண்டும்.

கூட்டுறவுக் கடைக்குப் போனால் பால்காரி யோருனின் கை சும்மா இருந்தாலும் இடுப்பு சும்மா இருக்காது. வாசலில் நிற்கும் ஒவ்வொரு வண்டியின் மட்கார்டிலும் இடுப்பால் ஓர் இடி. வண்டி எத்தனை முறை குலுங்கி நிற்கிறது என்று பார்ப்பாள். ரொட்டியோடு வெளியே வரும் சொந்தக்காரனிடம், துக்கம் விசாரிக்கும் குரலில், "பின்பக்க ஷாக் அப்சார்பர் ரெண்டும் செத்துப்போச்சு. எடுத்து அடக்கம் பண்ணிடு" என்பாள். பாதிரியாரின் கார் உட்பட யாரும் தப்பியதில்லை. அவர் மட்டும் கோபித்துக்கொள்ளாமல் மறுநாளே மாற்றிவிட்டார்.

போன இலையுதிர் காலத்தில் அந்த மீன் பெட்டி காற்றோடு போயிற்று. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு விவசாயி ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு கிடந்தார். எவ்வளவு ஆழம் என்று கழியால் பார்க்க யோருன் இறங்கினாள். கருமணலை வாரியடிக்கும் காற்று, கயிறு அறுந்தது, பெட்டி உருண்டு உருண்டு கடல் பக்கமாக ஓடிவிட்டது. ஏறப் பார்த்தாள். கால் எட்டவில்லை. மறுபடி எம்பினாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பின் இருக்கையிலிருந்து எய்விந்துர் இறங்கி வந்து, அவளைக் கக்கத்தில் கை கொடுத்து, ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல் தூக்கி உள்ளே வைத்தான். எய்விந்துர் எங்கள் குழுத் தலைவன். கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவன், உயரம் மட்டும் கொஞ்சம் அதிகம். ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் தேவாலயப் பாட்டு ஒன்றை உச்சக் குரலில் பாடும் யோருன், அன்று வாயையே திறக்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

விவசாயியின் கால் கூடிவிட்டது. ஆனால் எய்விந்துர் ஒருநாள் காப்பி குடிக்கும்போது தயங்கித் தயங்கி, "யோருன், இனிமே நீ ஸ்டேஷன்ல உக்காந்து ரேடியோவைப் பாத்துக்கறியா? சூடா இருக்கும்" என்றான்.

"எனக்குக் குளிருதுன்னு யார் சொன்னா?" என்று கேட்டுவிட்டு அவள் கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

இந்த நேரத்தில்தான் புது வண்டி வந்தது. புத்தாண்டுக்கு நாங்கள் விற்ற பட்டாசை ஊரே கொளுத்தித் தீர்த்த புண்ணியத்தில் வந்த வண்டி. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி ஓட்டினால் எங்கள் ஆட்டுப் பட்டி வரைதான் போகும். இடுப்பளவு டயர் போட்டு, அதற்கேற்ற ஸ்பிரிங்கும் ஆக்சிலும் மாற்றினால்தான் பனிமலை ஏறும். எந்த ஸ்பிரிங், எந்த ஆக்சில் என்று முடிவு செய்ய வேண்டும். எங்கள் ஊரில் முக்கியமான முடிவுகள் அலுவலகத்தில் எடுக்கப்படுவதில்லை. நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் இருக்கும் வெந்நீர்த் தொட்டியில் எடுக்கப்படுகின்றன. கழுத்தளவு நீரில் உட்கார்ந்துவிட்டால் தலைவன், பாதிரியார், பால்காரி எல்லாரும் ஒரே உயரம்.

ஒரு சனிக்கிழமை காலை அங்கே கூடினோம். ஆலங்கட்டி தூறிக்கொண்டிருந்தது. வேலையை முடித்துத் தர வேண்டிய மெக்கானிக் லோகி மூலையில் கண்ணை மூடியிருந்தான்.

"உயரமான ஸ்பிரிங் போட்டு பாடியை நல்லா மேல தூக்கிடுவோம்" என்று எய்விந்துர் ஆரம்பித்தான். "ஆக்சில் போர்ட்டல் டைப். அது சக்கரத்தோட நடுவுக்கு மேல உக்காரும். பாறை தட்டாது, ஆத்துத் தண்ணி எஞ்சினைத் தொடாது."

"பாடியை எதுக்குத் தூக்கணும்?" என்றாள் யோருன். "மட்கார்டை வெட்டு. பெரிய டயர் தானா உள்ள உக்காரும். ஆக்சிலை எவ்வளவு கனமா வேணாப் போடு, நான் குறுக்க நிக்க மாட்டேன். கியரை இறக்கு, சக்கரமெல்லாம் சேந்து சுத்தற மாதிரி லாக் போடு. வண்டியோட தொந்தி மட்டும் கீழயே இருக்கட்டும்."

"ஏன்?"

"காத்து. பால் லாரி ஓட்டிப் பாரு, புரியும். கனம் மேல போனா வண்டி நம்ம பேச்சைக் கேக்காது."

பொய் சொல்லவில்லை. பேருந்தையே புரட்டும் காற்று எங்களுடையது. ஆனால் வண்டி உயர்ந்தால் அவளுக்கு ஸ்டியரிங் போய்விடும் என்பது தொட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாததுபோல் எல்லாரும் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தோம்.

"காத்து எல்லாருக்கும்தான் அடிக்குது" என்றான் எய்விந்துர்.

"அப்படியா? உயரம் நல்லதுன்னா எழுந்து நின்னு பேசு."

வீம்பு யாரை விட்டது? எழுந்து, தொட்டிக்குள் இருக்கும் கல் பெஞ்சின் மேல் ஏறி நின்றான். முழங்காலுக்கு மேல் மொத்த மனிதனும் ஆலங்கட்டிக்கு விருந்து. சிவப்பு அரைக்கால் சட்டை படபடக்க, போர்ட்டல் ஆக்சிலின் பெருமைகளைப் பல் தந்தியடிக்க அடுக்கினான்.

மோவாய்வரை வெந்நீரில் இருந்த யோருன், "ஒண்ணும் கேக்கல கண்ணு. ரொம்பத் தூரத்துல இருக்க" என்றாள்.

"கேக்க வேணாம்! நான் சொல்ல வந்தது..." என்று ஒரு கையை உயர்த்தினான். கடலிலிருந்து ஒரு காற்று கிளம்பி வந்தது. பெஞ்சில் பாசி. எய்விந்துர் இரண்டு கையையும் காற்றாலை மாதிரி சுற்றினான், அப்புறம் பக்கவாட்டில் அப்படியே சாய்ந்தான். எழுந்த அலையில் பாதிரியாரின் வாய்க்குள் தண்ணீர் போய்விட்டது. நாங்கள் சிரித்த சிரிப்பில் குளத்துக் காவலாளி எட்டிப் பார்த்தாள்.

"பாத்தியா? தொந்தி மேல இருந்தா இதான் நடக்கும்" என்றாள் யோருன்.

எய்விந்துர் தண்ணீரைத் துப்பிவிட்டு வந்து அவளெதிரே உட்கார்ந்தான். சிரிக்கவில்லை. "நீ காத்துக்காகப் பேசல, யோருன்."

இதற்கும் ஒரு பதிலடி வரும் என்று காத்திருந்தோம். அவள் எழும்பிப் போகும் ஆவியைப் பார்த்தபடி இருந்தாள். "ஆமா" என்றாள். "எனக்கு எட்டாது. எட்டலைன்னா சாவியை உன்கிட்ட குடுக்கணும். குடுக்க மனசு வரல. போதுமா?"

அவள் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை.

எய்விந்துர் ஈர மயிரை நெற்றியிலிருந்து ஒதுக்கினான். அப்புறம் மூலையைப் பார்த்து, "லோகி, ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை போட முடியுமா?" என்று கேட்டான். "ஆத்துல ஊதி ஏத்திக்கலாம். ரோட்டுல இறக்கிக்கலாம். நிறுத்துனா தரையோட குனியும். ஸ்ட்ரெச்சர் ஏத்த வசதி."

"ஸ்ட்ரெச்சருக்கா?" என்றாள் யோருன்.

"ஸ்ட்ரெச்சருக்குத்தான்."

லோகி ஒரு கண்ணைத் திறந்தான். "போடலாம். ஆக்சில் கனமானது, மட்கார்டு வெட்டணும். ஆனா குளிர்ல பை கிழிஞ்சா நடுவழியில மாத்தணும். கிழிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"மாத்தறவரைக்கும் நான் இவளைத் தூக்கி விடறேன்" என்றான் எய்விந்துர். அவன் முகத்தில் ஒரு வாளித் தண்ணீர் வந்து விழுந்தது. அதோடு தீர்மானம் நிறைவேறிற்று.

பனி உருகத் தொடங்கிய ஒரு மத்தியானம் லோகி வண்டியை வெளியே எடுத்து நிறுத்தினான். மட்கார்டு வெட்டப்பட்டு, முன் ஆக்சில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, டயர்கள் வண்டியைவிடத் திமிராக நின்றன. எய்விந்துர் பொத்தானை அழுத்தினான். புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு வண்டி தாழ்ந்தது. யோருன் காலை எடுத்து வைத்தாள். எட்டிற்று. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு யாரையும் பார்க்காமல் கண்ணாடியைச் சரி செய்தாள்.

எய்விந்துருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு, "இவ்வளவு நல்லா வந்திருக்கு, ஆளுக்கு ஒரு வாரம் மாத்தி மாத்தி ஓட்டலாம். நானும் பழகிக்கிறேன்" என்றான்.

"தாராளமா" என்றாள் யோருன். "லோகி, ஒரு ஸ்பேனரும் போல்ட்டும் குடு."

வாங்கிக்கொண்டு, ஸ்டியரிங் நெஞ்சைத் தொடும்வரை இருக்கையை முன்னுக்குத் தள்ளினாள். எய்விந்துர் அந்த இடுக்கையும் தன் நீண்ட கால்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் கீழே குனிந்து, இருக்கை நகரும் தடத்தின் குறுக்கே போல்ட்டைச் செருகி, கிரீச்சிடும்வரை முறுக்கினாள்.