சூராட் பெரானாவும் தாமதப் பிறப்பும்

போன வாரம் அரசாங்க இணையத்தளம் ஒன்றில் ஓய்வூதிய விண்ணப்பப் பாரம் தேடினேன். ஒரு மணி நேரம் தேடியும் அகப்படவில்லை. நான் தட்டிய சொல் ஒன்று, அவர்கள் வைத்திருந்த பெயர் வேறு. மக்கள் தேடும் சொல்லிலேயே கிடைக்கும்படி வைப்பதற்கு அரசாங்கம் ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சிரமத்தை மிச்சம் பிடித்து ஒருமுறை நானே மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

எழுபதுகளில் கேமரன் மலையில், தானா ராத்தாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. தேயிலைத் தோட்டங்களில் பிறப்புப் பத்திரமே இல்லாத பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். அவர்களைப் பதிவுசெய்ய ஒரு தோட்டத்துக்கே நேரில் போவதென்று முடிவானது. தமிழில் அறிவிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நல்ல தமிழ் எழுதுகிறவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. ‘தாமதப் பிறப்புப் பதிவுச் சிறப்பு முகாம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அதைத் தோட்ட ஆபீஸ் கண்ணாடிப் பலகைக்குள் ஒட்டிவிட்டு வந்தோம்.

குறித்த நாளில் தோட்டத்து மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம். பதினொரு மணி வரை ஈ காக்கை இல்லை. பிறகு ஒருவர் வந்து நாய்க்கு லைசென்ஸ் கேட்டார். அவருக்குப் பின்னால் ஒரு கர்ப்பிணிப் பெண், கையில் துணிப்பை. கூட அவள் புருஷன், பிளாஸ்க்கோடு.

“ஐயா, டாக்டர் வந்துட்டாரா?” என்றான் அவன்.

“எந்த டாக்டர்?”

“தாமதப் பிறப்புன்னு போட்டிருக்கீங்களே. இவளுக்கு நாள் தாண்டி பத்து நாளாச்சு.”

எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. அவள் மட்டும் சிரிக்கவில்லை, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மேசையை அப்படியே போட்டுவிட்டு எங்கள் ஜீப்பில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாலையில் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் முகாமின் ஒரே சாதனை அதுதான்.

சாமான்களை எடுக்கத் திரும்பிப் போனபோது, மண்டபத்தை ஒட்டிய தொழிலாளர் லயத்து வாசலில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் நின்றார். அவருக்கு நான்கு பிள்ளைகள், ஒருவருக்கும் பத்திரம் கிடையாது. மூத்தவளுக்கு அடுத்த வருடம் பன்னிரண்டு வயது. அந்த வயதில் எடுக்க வேண்டிய ஐசியை, அதாவது அடையாள அட்டையை, பத்திரம் இல்லாமல் எடுக்க முடியாது.

“ஏன்க்கா நீங்க வரல?”

“சூராட் பெரானாவுக்கா வந்தீங்க? அப்படி எழுதியிருந்தா வந்திருப்போம்ல. தாமதம் கீமதம்னா எங்களுக்கு என்ன தெரியும் லா. ஆபீஸ் பக்கம் யாரு போறா, கொழுந்து நிறுக்கிற எடத்துல ஒட்ட வேண்டியதுதானே.”

பிறப்புப் பத்திரத்துக்குத் தோட்டத்தில் அந்த மலாய்ப் பெயர்தான் புழக்கம். மறுநாளே புதிதாக எழுதினேன்: ‘சூராட் பெரானா இல்லாத பிள்ளைகளுக்கு சூராட் எடுக்க வாங்க.’ ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்திருந்த எங்கள் தலைமைக் குமாஸ்தா, தமிழர்தான், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

“இது என்னய்யா பாஷை? கவர்மெண்டு நோட்டீஸ்ல இப்படியா எழுதுவாங்க?”

“அவங்க இப்படித்தான் சார் கேக்குறாங்க.”

அவர் கையெழுத்துப் போடவில்லை, கிழிக்கவும் இல்லை. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன். கொழுந்து நிறுக்கும் இடத்திலும், சாமான் கடைச் சுவரிலும், கோயில் வாசலிலும் ஒட்டினேன்.

அடுத்த முறை நாங்கள் போய் இறங்கும்போதே வரிசை மண்டபத்தைச் சுற்றி நின்றது. நான்கு பிள்ளைகளோடு அந்த அக்காதான் முதலில். பிள்ளைகளுக்கு எண்ணெய் வழியத் தலைவாரி, போட்டோ எடுப்பதுபோல் நிறுத்தியிருந்தார். பாரங்கள் தீர்ந்துபோய், ஜீப்பை அனுப்பி இன்னொரு கட்டு எடுத்துவர வேண்டியிருந்தது.

மற்றத் தோட்டங்களுக்கான அறிவிப்பைத் தலைமைக் குமாஸ்தாவே எழுத உட்கார்ந்தார். மலாய் எழுத்தில் அந்தச் சொல்லின் முடிவில் ஒரு ‘க்’ உண்டு, பேச்சில் அது வாயில் வராது. அது ‘பெரானா’வா ‘பெரானாக்’கா என்று எங்களுக்குள் அரைநாள் சண்டை. கடைசியில் இரண்டையும் எழுதினோம்.