ஓமிஹாச்சிமானில் ஒரு மொழிபெயர்ப்பு

வளைகுடாவில் தேரா கடைவீதியில் அரபிகளின் கந்தூரா அங்கிக்குத் துணி விற்கும் நெய்னா முகம்மது, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே ஜப்பான் துணியா கொரியாத் துணியா என்று சொல்லிவிடுவார். கடை கீழக்கரை கலீலுர் ரஹ்மான் ஹாஜியாருடையது. கொள்முதல், வாடிக்கை, வருகிறவர்களின் கோபதாபம் எல்லாம் நெய்னாவின் தலையில். ‘உனக்குத் தனிக்கடை வைத்துத் தருகிறேன்’ என்று வேலைக்குச் சேர்த்த அன்றே ஹாஜியார் வாக்குக் கொடுத்து இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வாக்கை நம்பித்தான் மனிதர் வேறு எங்கும் போகாமல் கிடந்தார்.

2004இல் ஒசாகாவின் துணி ஆலைக்காரர்கள் ஹாஜியாரை அழைத்தார்கள். அவருக்கு அரபியும் இந்தியும் தண்ணீர் பட்ட பாடு, இங்கிலீஷ்தான் உதைக்கும். அதனால் நெய்னாவுக்கும் ஒரு டிக்கெட். இல்லாவிட்டால் அவருக்கு ஜப்பானாவது ஒன்றாவது.

பேச்சுவார்த்தை முடிந்த மறுநாள், பழைய வியாபாரிகளின் ஊரான ஓமிஹாச்சிமானைப் பார்த்துவரச் சொல்லி ஒரு வழிகாட்டி அம்மாளையும் ஆலைக்காரர்கள் உடன் அனுப்பினார்கள். வாய்க்காலை ஒட்டி மரவீடுகள் நின்றன. அதில் ஒன்றின் வாசலில் தொங்கிய நீலத்துணியைக் காட்டி அந்த அம்மாள் இங்கிலீஷில் நெடுநேரம் விளக்கினார்.

“என்னவாம்?” என்றார் ஹாஜியார்.

நெய்னா ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். “கடையில பல வருசம் உண்மையா உழைச்ச ஆளுக்கு முதலாளியே தனிக்கடை வச்சுக் குடுப்பாராம். கடைப் பேரு போட்ட இந்தத் துணியையும் குடுத்து, வாடிக்கையையும் பிரிச்சுக் குடுப்பாராம்.”

“நல்ல பழக்கம். நாமளும் அப்படித்தான்னு சொல்லு.”

கேட்டீர்களா கதையை? கொஞ்சமும் வாய் கூசவில்லை. நெய்னாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் வந்தது மொழிபெயர்க்க என்பதால் அதையும் சொல்லித் தொலைத்தார். அம்மாளுக்கு ஒரே மகிழ்ச்சி.

“நீங்கள் இவரிடம் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்?”

“இருபத்திரண்டு.”

“அப்படியானால் உங்கள் கடை எங்கே இருக்கிறது?”

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அதைத் தமிழில் முதலாளியிடம் ஒப்படைத்தார் நெய்னா. ஹாஜியார் நீலத்துணியின் ஓரத்தைத் தடவியபடி, “இன்ஷா அல்லாஹ், அடுத்த வருசம்னு சொல்லு” என்றார்.

ஒவ்வொரு பெருநாளுக்கும் கிடைக்கிற அதே பதில். இறைவன் நாடினால் என்பது எப்பேர்ப்பட்ட சொல். அதைச் சாக்குப்போக்குக்கு இழுத்து வைத்திருக்கிறாரே, இது அடுக்குமா? இத்தனை வருஷமும் நாடாமல் இருந்தது இறைவனா, இந்த மனிதரா?

அம்மாள் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். “என்ன சொல்கிறார்?”

“நோ,” என்றார் நெய்னா.

அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை ஹாஜியாருக்கும் தெரியும்.