படிக்கட்டம்மாவின் தேநீர்

விசாரணைக்கு இடைவேளை என்றதும் அந்த அம்மா பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விடுவார். படி திரும்பும் இடத்தில் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிளாஸ்க் மூடியில் தேநீரை ஊற்றி, ஊதி ஊதிக் குடிப்பார். ஆடிட்டர்கள் மீது வரும் புகார்களை விசாரிக்கும் குழுவின் தலைவி அவர். தேநீர் அறையில் புகார் கொடுத்தவர், விசாரணை அதிகாரி, புகாருக்கு ஆளானவர் எல்லாரும் ஒரே பிஸ்கட் தட்டைச் சுற்றி நிற்பார்கள். "அங்க போனா காதுல ஏதாவது விழும். விழுந்ததை எடுத்து வெளியில போட முடியுமா?" என்பார். அலுவலகத்தில் அவருக்குப் படிக்கட்டம்மா என்றே பெயர். அது அவருக்கும் தெரியும்.

யார் பேசினாலும் பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் கேட்பார். "எழுதிக்கிட்டே கேட்டா பாதி மனசு தீர்ப்புக்குப் போயிடுது." வீட்டிலும் இதே கதைதான். "பால் பொங்கி வழிஞ்சாக்கூட ரெண்டு தரப்பையும் கேட்டுட்டுத்தான் அடுப்பைத் துடைப்பா" என்று கணவர் வந்தவர்களிடம் போட்டுக்கொடுப்பார். "அடுப்பை எதுக்குக் கேக்கணும்? பக்கத்துல பேப்பர் படிச்சிட்டிருந்த ஆளைக் கேட்டாப் போதும்" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அன்றைக்கு முழங்கால் சண்டித்தனம் செய்தது. அவர் படியைப் பார்த்தார். படியும் அவரைப் பார்த்தது. ஒரு நாள்தானே என்று தேநீர் அறையின் மூலையில் உட்கார்ந்தார்.

அன்றைய விசாரணை, கிடங்குக்குப் போகாமலே சரக்கைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டார் என்று ஓர் ஆடிட்டர் மீது புகார். மெய்யென்று ஆனால் உரிமம் போய்விடும்; வேறு பிழைப்புத் தெரியாத மனிதர். காலையில் தன் தரப்பைப் பாதிதான் சொல்லியிருந்தார்.

விசாரணை அதிகாரி நல்லவர்தான், வாய்தான் நிற்காது. பிஸ்கட்டை நனைத்தபடி பக்கத்தில் நின்றவரிடம், "இவருக்கு இது புதுசா என்ன? முன்னாடியும் ஒரு தடவை இப்படி மாட்டினவருதானே" என்றார். மூலையில் ஆள் இருப்பதைப் பார்க்கவில்லை.

இடைவேளை முடிந்து எல்லாரும் உட்கார்ந்ததும் தலைவி ஆடிட்டரைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க முன்னாடியும் ஒரு தடவை மாட்டினீங்கன்னு இவர் சொன்னது என் காதுல விழுந்துடுச்சு. இந்த வழக்குக் காகிதம் எதுலயும் அது இல்ல."

அதிகாரியின் முகம் வெளிறியது. "மேடம், சும்மா பேச்சுவாக்கில..."

"நானும் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். ஆனா கேட்டுட்டேனே."

ஆடிட்டர் பதறி எழுந்தார். "அம்மா, அது நான் இல்லீங்க. என் பழைய பார்ட்னர்!"

"இருக்கலாம். இப்ப நான் அதை நம்பினாலும் தப்பு, நம்பலைன்னாலும் தப்பு. எனக்குப் பதிலா வேற ஒருத்தர் வந்து முதல்லேருந்து கேப்பாங்க."

"முதல்லேருந்தா? இன்னிக்கு முடிஞ்சிடும்னு வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்களே கேளுங்கம்மா. என் பக்கம் பேனாவை மூடி வச்சிட்டுக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

தலைவி மேசைமேல் மூடிக் கிடந்த பேனாவைப் பார்த்தார். பிறகு அதை எடுத்துக் கைப்பையில் போட்டார். "அதனாலதான் போறேன்."

கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக முழங்காலைச் சமாதானப்படுத்தி, தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மூடியில் தேநீரை ஊற்றினார். ஆவி சன்னல் வெளிச்சத்தில் அவசரமில்லாமல் ஏறியது. மேலே காலடிச் சத்தம். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்த ஆடிட்டர், அவரைக் கண்டதும் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

ஒரு கையால் தேநீரை அவரிடம் நீட்டி, மறு கையின் சுட்டுவிரலைத் தன் உதட்டின்மேல் வைத்தார் படிக்கட்டம்மா.